வாடகை மூச்சு, நாள் ஒன்றுக்கு 60 ரிங்கிட்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் இல்லாம, எழுத உட்கார்ந்தா எல்லாமே ஏற்கெனவே யாரோ எழுதின மாதிரி இருக்கு. ஆனா இதைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பார்க்கலை. கடலுக்கு அடியில மூச்சு விடுறதுக்கு எவ்வளவு வாடகை, அது நியாயமா இல்லையா, அதுல எது கொள்ளை, எது கொள்ளை இல்லை. அதான் மேட்டர். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன மாசம் ஒரு பிறந்தநாள் விருந்துல ஒருத்தர் பேசிட்டிருந்தார். இப்பத்தான் ஸ்கூபா கத்துக்கிட்டிருக்கார். "டைவ் பண்ணக் காசு, படகுக்குக் காசு, அது போக சட்டைக்கு வாடகை, மூக்குக்கு வாடகை, காலுக்கு வாடகை. கொள்ளை அடிக்கிறானுங்க சார்" அப்படின்னார். சுத்தி நின்ன எல்லாரும் தலையாட்டினாங்க. என்னால மட்டும் ஆட்ட முடியலை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசியில வர்றேன்.

முதல்ல நம்ம களம். சிங்கப்பூர்ல இருக்கிற டைவர்களுக்கு மாமியார் வீடு மாதிரி ஒரு இடம்னா அது தியோமான் தீவு. மலேசியாவுல, பகாங் மாநிலம். ஜோகூர்ல இருக்கிற மெர்சிங் துறைக்கு ரோட்டுல போய், அங்கேர்ந்து ஃபெர்ரி பிடிக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, சனி ஞாயிறு தண்ணிக்குள்ள இருந்துட்டு, திங்கக்கிழமை காலையில கண்ணு செவக்க ஆபீஸ்ல உட்காரலாம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, தீவுல பாதிக்கு மேல மூடிடுவாங்க. கொரோனாவுல எல்லை மூடி, 2022 ஏப்ரல்ல திறந்தப்புறம் நான் முதல்ல ஓடினது கோலாலம்பூர் கோயிலுக்கு இல்லை, இங்கதான். (தங்கமணி இன்னமும் சொல்லிக் காட்டுவாங்க.)

அங்க நான் வழக்கமாப் போற கடையில போன தடவை எனக்கு ஆன கணக்கு இது. ஒரு டைவுக்கு 130 ரிங்கிட். இதுல சிலிண்டர், இடுப்புல கட்டுற ஈயக்கட்டி, படகு, வழிகாட்டி எல்லாம் அடக்கம். முழு செட் வாடகை நாளைக்கு 60 ரிங்கிட். முழு செட்னா மாஸ்க், காலுக்கு ஃபின்ஸ், வெட்சூட், காத்து ஊதி மிதக்கிற அந்த ஜாக்கெட் (பி.சி.டி.ன்னு சொல்லுவாங்க), அப்புறம் வாயில வச்சு மூச்சு விடுற ரெகுலேட்டர். ரெண்டு நாள்ல அஞ்சு டைவ்னா 650 ரிங்கிட். செட் வாடகை 120. மொத்தச் செலவுல ஆறுல ஒரு பங்கு கூட இல்லை.

போர்டுல கீழே சின்ன எழுத்துல இன்னொரு வரி இருக்கும். "டைவ் கம்ப்யூட்டர், நாளைக்கு 30 ரிங்கிட், தேவைப்பட்டால்." இந்த "தேவைப்பட்டால்"ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தப் பதிவே அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான்.

சரி, 60 ரிங்கிட் கொள்ளையா? எக்செல் ஷீட் போட்டுப் பார்த்துடுவோம். நமக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதானே. :-)

எனக்குக் கடையில சொன்ன விலை இதெல்லாம். வெள்ளின்னா சிங்கப்பூர் வெள்ளி. மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் 100. ஃபின்ஸும் காலுறையும் 150. வெட்சூட் 150. பி.சி.டி. 550. ரெகுலேட்டர் செட் 650. மொத்தம் 1,600 வெள்ளி. இது நடுத்தரச் சரக்குதான். பிரமாதமானது வேணும்னா இன்னும் ஏறும்.

வாடகை 60 ரிங்கிட்னா கிட்டத்தட்ட 19 வெள்ளி. நான் வருஷத்துக்கு எட்டு நாள் டைவ் பண்றேன்னு வைங்க. (பண்றது ஆறு நாள்தான், ஒரு கெத்துக்கு எட்டுன்னு வச்சுப்போம்.) வருஷத்துக்கு மிச்சம் 150 வெள்ளி. பத்துப் பதினோரு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்னு தோணுது இல்லையா? அங்கதான் ஆப்பு. சொந்த ரெகுலேட்டர் வச்சிருந்தா அதை சர்வீஸ் பண்ணணும். கம்பெனியைப் பொறுத்து வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. எனக்குச் சொன்ன சர்வீஸ் கூலி, உதிரி பாகத்தோட சேர்த்து 150 வெள்ளி சுமார். வருஷா வருஷம் பண்ணினா மிச்சம் பிடிச்சது முழுக்க அதுக்கே போச்சு. 1,600 போட்டது போட்டதுதான், ஜென்மத்துக்கும் திரும்பாது. விமானத்துல போனா கூடுதல் பெட்டிக்குக் காசு வேற. இதுல ஈரச் சாமானை வீட்டு பாத்ரூம்ல தொங்கவிட்டு, "ஏங்க, இது என்ன மீன் மார்க்கெட்டா?"ன்னு வாங்கிக் கட்டிக்கிறதுக்கு யார் விலை போடறது?

ஆக, என்னை மாதிரி வருஷத்துக்கு ஆறு நாள் குதிக்கிற கேஸுக்கு வாடகைதான் மலிவு. 'சொந்தமா வாங்கிடுங்க சார், வாடகை மிச்சம்'னு கத்துக்குட்டிகளுக்கு ஆசை காட்டி ரெண்டாவது வாரமே முழு செட்டையும் தலையில கட்டுற கடைகள் இருக்கு பாருங்க, கொள்ளைன்னு சொல்லணும்னா அதைத்தான் சொல்லணும். வாடகைக்கு விடுறவனை இல்லை.

இப்போ வாடகைக்கு விடுறவன் பக்கம் போய் நின்னு பாருங்க. ஒரு சிலிண்டருக்குள்ள 200 பார் அழுத்தத்துல காத்து அடைச்சிருக்கு. அதை அப்படியே வாயில வாங்கினா நுரையீரல் கிழிஞ்சுடும். ரெகுலேட்டரோட முதல் கட்டம் அதை பத்து பார் கிட்டத்துக்கு இறக்குது. வாயில இருக்கிற ரெண்டாவது கட்டம், சுத்தி இருக்கிற தண்ணியோட அழுத்தத்துக்குச் சரியாக் கொண்டு வந்து, நாம இழுக்கிறப்போ மட்டும் கொடுக்குது. 1943ல் பிரான்சுல கூஸ்தோவும் கன்யானும் செஞ்சு காட்டின சமாச்சாரம், அடிப்படை இன்னிக்கும் அதேதான். உள்ளே இருக்கிறது சின்னச் சின்ன ரப்பர் வளையம், சுருள்கம்பி, ஒரு மெல்லிய ரப்பர் தட்டு. உப்புத்தண்ணி, வெயில், மணல், இந்த மூணும் சேர்ந்து அதை அரிச்சுக்கிட்டே இருக்கும்.

பல கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 100 டைவுக்கு ஒருமுறை சர்வீஸ் பண்ணுன்னு சொல்றாங்க. நமக்கு 100 டைவ் ஆக ஏழெட்டு வருஷம் ஆகும். வாடகை ரெகுலேட்டர் ஒண்ணு நாளைக்கு மூணு டைவ் போச்சுன்னா 34 நாள்ல 100 ஆயிடும்! அதோட, நம்மை மாதிரி ஆட்கள் அதை மணல்ல இழுப்போம், மவுத்பீஸைக் கடிச்சுத் துப்புவோம், நல்ல தண்ணியில முக்கும்போது முதல் கட்டத்தோட மூடியைப் போட மறப்போம். வெட்சூட்டுக்குள்ள என்னென்ன பண்ணுவோம்னு பொதுவெளியில எழுத முடியாது. முகர்ந்து பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர் ஐம்பது தாண்டின மலாய்க்காரர். ஒருநாள் சாயங்காலம் பேசிட்டிருந்தப்போ சொன்னார், எக்ஸ்.எஸ்.லேர்ந்து டபுள் எக்ஸ்.எல். வரைக்கும் எல்லா அளவும் வச்சிருக்கணும், ஆனா எந்த வார இறுதியிலயும் பாதி செட் மூலையிலதான் தொங்கும்னு. மழைக்காலத்துல நாலு மாசம் வாடகையே கிடையாது, ஆனா ரப்பர் மட்டும் அப்பவும் காஞ்சு வெடிக்கும்னார். இதெல்லாம் கேட்டப்புறம் அந்த 60 ரிங்கிட் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்னும் சொல்லப் போனா, பக்கத்துல எவனாவது 25 ரிங்கிட்டுக்குத் தர்றேன்னா எனக்குப் பயம்தான் வரும். எதைக் குறைச்சு இந்த விலைக்குத் தர்றான்? கடலுக்கு 20 மீட்டர் கீழே போய் நின்னுட்டு அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு இஷ்டமில்லை.

இது வரைக்கும் கடைக்காரர் கட்சி பேசியாச்சு. இனிமே சண்டை.

என்னோட முதல் சண்டை விளம்பரத்தோட. "ரெண்டு பகல், மூணு ராத்திரி, அஞ்சு டைவ், இவ்வளவுதான்!"னு கொட்டை எழுத்துல ஒரு விலை. கீழே ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போனா: உபகரணம் தனி. கடல் பூங்காக் கட்டணம் தனி. டார்ச் தனி. சில இடத்துல நம்ம அளவுக்கு மேல ஃபின்ஸ் வேணும்னா அதுவும் தனி! சிங்கப்பூர்லேர்ந்து கூட்டிட்டுப் போற சில ஆட்கள்கிட்ட அதே செட்டுக்கு தீவுல இருக்கிற விலையைப் போல ரெண்டு மடங்கு வாங்கி நான் பார்த்திருக்கேன். கல்யாண மண்டபம் பேசப் போனா, வாடகை கம்மியாச் சொல்லிட்டு அப்புறம் பாத்திரம் தனி, கரண்டு தனி, கூட்டுற அம்மாவுக்குத் தனின்னு போடுவாங்களே, அதே வித்தை. டைவ் பண்ண வர்ற பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்குச் சொந்த செட் கிடையாது. அப்புறம் செட் இல்லாத விலையை எதுக்குப் பெரிசாப் போடணும்?

அந்தமான்ல, இப்போ சுவராஜ் தீவுன்னு பேர் மாத்தின ஹாவ்லாக்ல, நான் போன கடையில வேற மாதிரி இருந்தது. விலைன்னா எல்லாம் சேர்த்துத்தான் விலை. சொந்த செட் கொண்டு வந்தா கொஞ்சம் குறைச்சுக்குவாங்க. மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கேட்க வேண்டியது இல்லை, கூட்டிப் பார்க்க வேண்டியது இல்லை.

ஆனா இந்த முதல் சண்டை வெறும் காசு சம்பந்தப்பட்டது. திட்டிட்டு மறந்துடலாம். மறக்க முடியாதது ரெண்டாவது. அந்த "தேவைப்பட்டால்".

டைவ் கம்ப்யூட்டர்னா தெரியாதவங்களுக்காக: கைக்கடிகாரம் மாதிரி ஒரு சாமான். நாம எவ்வளவு ஆழத்துல எவ்வளவு நேரம் இருக்கோம்னு சில விநாடிக்கு ஒரு தடவை பார்த்து, இன்னும் எத்தனை நிமிஷம் இந்த ஆழத்துல இருக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லும். எதுக்கு அது? கோலிசோடா குடிச்சிருக்கீங்க இல்ல? கோலியை அமுக்கினதும் புஸ்ஸுன்னு நுரை வரும். அழுத்தத்துல கரைஞ்சிருந்த காத்து, அழுத்தம் போனதும் குமிழா வெளியில வருது. நம்ம உடம்பும் ஒரு சோடா பாட்டில்தான். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. ஆழத்துல மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரையும். அளவா இருந்துட்டு மெதுவா மேலே வந்தா மூச்சோட வெளியில போயிடும். அதிகமா இருந்துட்டோ, வேகமாவோ வந்தா உடம்புக்குள்ளேயே நுரை. மூட்டு வலியில ஆரம்பிச்சு, கை கால் விழறது வரைக்கும் போகும்.

முன்னாடியெல்லாம் அட்டவணை பார்த்துத்தான் டைவ் பண்ணாங்க. நான் படிச்ச அட்டவணைப்படி 18 மீட்டர்ல 56 நிமிஷம், 30 மீட்டர்ல 20 நிமிஷம்தான், அதுவும் அன்னிக்கு முதல் டைவுக்கு. ரெண்டாவது, மூணாவது டைவுக்கு முன்னாடி சேர்ந்த பாக்கியையும் கழிக்கணும். பென்சில் வச்சுப் போடற அந்தக் கணக்கை இப்போ உல்லாசத்துக்கு டைவ் பண்றவங்க யாரும் போடறதா நான் பார்க்கலை. கம்ப்யூட்டர் வந்துடுச்சுன்னு அட்டவணையை விட்டாச்சு. ஆனா கம்ப்யூட்டரை வாடகைப் பட்டியல்ல "தேவைப்பட்டால்"ல தள்ளியாச்சு. அப்போ அது இல்லாதவன் எதை வச்சு டைவ் பண்றான்? அடுத்தவன் கையைப் பார்த்துட்டு. அவ்வளவுதான்.

இனிமே சொல்லப் போறது எனக்கே சங்கடமான விஷயம்.

ரெண்டு வருஷம் முன்னாடி நண்பர் ஒருத்தரோட தியோமான் போனேன். ஆபீஸ் நண்பர், மதுரைக்காரர், கேமரா பைத்தியம். வாடகை ஃபாரத்தை நிரப்பும்போது அந்த 30 ரிங்கிட் வரிக்கிட்ட பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். "பாஸ், இது எடுக்கணுமா?"

நான் சொன்னேன்: "எதுக்கு பாஸ் தண்டமா? என்கிட்ட இருக்கே. கூடவே வாங்க, போதும்."

ரெண்டு நாளைக்கு 60 ரிங்கிட். 19 வெள்ளி. தேக்காவுல ரெண்டு பிரியாணி சாப்பிட்டா ஆச்சு.

முதல் நாள் மூணு டைவ், ரெண்டாவது நாள் ரெண்டு. கடைசி டைவ்ல நான் 21 மீட்டர்ல பாறையை ஒட்டி இருந்தேன். அவர் எனக்குக் கீழே அஞ்சாறு மீட்டர்ல, கலர் கலரா ஒரு கடல் நத்தையைப் பிடிச்சுக்கிட்டார். கையால பிடிக்கலை, கேமராவுல. என் கையில கம்ப்யூட்டர் 4 நிமிஷம்னு காட்டிச்சு. எனக்கு 4. அவருக்கு எவ்வளவுன்னு அந்தக் கடல்ல யாருக்கும் தெரியாது. நான் டொக் டொக்குன்னு சிலிண்டரைத் தட்டினேன். அவர் ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒரு படம்னு. அப்புறம் வந்தார். ரெண்டு பேரும் மேலே வந்து, 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு, படகுல ஏறினோம். படம் அருமையா வந்திருந்தது.

சாயங்காலம் தோள் வலிக்குதுன்னார். சிலிண்டர் தூக்கினதுன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டோம். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். "பாஸ், விரலெல்லாம் மரத்துப் போற மாதிரி இருக்கு."

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன். கடைக்காரரை எழுப்பினோம். மனுஷன் லுங்கியோட ஓடி வந்து ஆக்ஸிஜன் போட்டுவிட்டு, ராத்திரி பூரா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். அதுக்கு நான் என்னிக்கும் நன்றி சொல்லுவேன். காலையில முதல் ஃபெர்ரி, அப்புறம் கார், நேரா சிங்கப்பூர் ஆஸ்பத்திரி. அழுத்த அறையில போட்டாங்க. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துல வச்சு, ஆக்ஸிஜன் கொடுத்து, மெதுவா மெதுவா மேலே கொண்டு வர்றது. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம்.

அதுக்கு முன்னாடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "உங்க கம்ப்யூட்டர் எங்கே? எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் என் கையில இருந்ததைக் கழட்டி நீட்டினேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துட்டு, "இது நீங்க பண்ண டைவ். நான் கேட்டது அவரோடது"ன்னார். கோபமாக் கூடச் சொல்லலை.

அந்த வாக்கியம் இன்னிக்கும் ராத்திரியில வந்து போகுது.

நண்பர் நல்லாயிட்டார். ஒரு குறையும் இல்லை. பில் நாலு இலக்கம், டைவிங் இன்ஷூரன்ஸ் எடுக்கலைங்கிறதால கைக்காசு. கம்ப்யூட்டர் இருந்திருந்தா வந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கட்டியிருந்தவங்களுக்கும் வந்திருக்கு. உடம்பு வாகு, தூக்கம், தண்ணி குடிக்கிறது, எல்லாமே கணக்குல வரும். ஆனா இருந்திருந்தா அது கத்தியிருக்கும். அவர் மேலே வந்திருப்பார். அந்த இன்னொரு படம் இருந்திருக்காது.

அடுத்த தடவை போனப்போ கடைக்காரர்கிட்ட கேட்டேன். "இதை ஏன் தனியா வச்சிருக்கீங்க? செட்டோட சேர்த்து 90ன்னு போட்டுடலாமே?"

அவர் சிரிச்சார். "நான் 90ன்னு போட்டா, பக்கத்துக் கடை போர்டுல 60ன்னு இருக்கும். நீ எங்க போவே?"

எனக்குப் பதில் வரலை. ஏன்னா நான் எங்க போயிருப்பேன்னு எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்குப் போய், கம்ப்யூட்டர் வேண்டாம்னு டிக் அடிச்சு, முப்பது ரிங்கிட் மிச்சம் பிடிச்ச சாமர்த்தியத்தை உங்ககிட்ட ஒரு பதிவாப் போட்டிருப்பேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். சங்கு குளிக்கிறவங்களைப் பார்த்து வளர்ந்தவன். கல்லைக் கட்டிக்கிட்டு மூச்சடக்கிக் குதிச்ச காலம் போய், படகுல கம்ப்ரசரை வச்சு, குழாய் வழியா வர்ற காத்தை வாயில கவ்விக்கிட்டு இறங்குற காலம் வந்தது. ஆழம் காட்ட மீட்டர் கிடையாது, நேரம் காட்டக் கடிகாரம் கிடையாது. எங்க தெருவுல ஒரு பெரியவர் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். சின்ன வயசுல வாதம்னு நினைச்சேன். டைவிங் கத்துக்கிட்டு ஊருக்குப் போனப்போ கேட்டேன்.

"வாதமுமில்ல ஒண்ணுமில்ல தம்பி. மூட்டுக்குள்ள காத்து பூந்துட்டு. சங்கு நெறைய கெடந்துச்சு. கெடக்கப்பவே எடுத்துரணும்லா? நேரம் போனது தெரியல."

நேரம் போனது தெரியல. நண்பர் நத்தையைப் பார்த்துட்டு இருந்தப்போ நடந்ததும் அதேதான். ஒரே வித்தியாசம், பெரியவருக்கு வேற வழி இல்லை. வாடகைக்குக் கூட அவருக்கு எவனும் கொடுக்கலை. வீட்டுல அடுப்பு எரியணும்னு இறங்கினார். எங்களுக்கு வழி இருந்தது. முப்பது ரிங்கிட்டுக்கு, அச்சடிச்ச போர்டுல, கண்ணு முன்னாடி இருந்தது. வேண்டாம்னு டிக் அடிச்சோம். நான்தான் அடிக்க வச்சேன்.

அதனால என் கட்சி என்னன்னா: உபகரண வாடகை கொள்ளை இல்லை. ஆனா உயிரைக் காப்பாத்தற சாமானைத் தனி வரியில போட்டு, "தேவைப்பட்டால்"னு எழுதறது தப்பு. ஆட்டோக்காரர் "பிரேக் வேணும்னா பத்து ரூபாய் கூடுதல் சார்"னு சொன்னா ஏறுவீங்களா? அதுலயும் யார் வேண்டாம்பாங்க பாருங்க: புதுசா வர்றவங்க, காசு இறுக்கமா இருக்கிறவங்க, அதோட தேவை இன்னும் புரியாதவங்க. அதிகம் தேவைப்படறவங்கதான் வேண்டாம்னு டிக் அடிப்பாங்க. மாலத்தீவு போனவங்களுக்குத் தெரியும், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இல்லாம அங்க படகுல ஏத்த மாட்டாங்க. அதனால அங்க யாரும் டைவிங்கை விட்டுட்டு ஓடிப் போயிடலை.

கடைக்காரர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அவர் ஒருத்தர் மட்டும் மாத்தினா அவருக்கு நஷ்டம். அப்போ மாற வேண்டியது கேட்கிற நாமதான். "செட் எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க. "கம்ப்யூட்டரோட சேர்த்து எவ்வளவு?"ன்னு கேளுங்க. பத்துப் பேர் அப்படிக் கேட்டா போர்டு மாறும். கம்ப்யூட்டர் இல்லாதவனையும் கூட்டிட்டுப் போற கடைன்னா, 60 இல்லை, 20க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

சொந்தமா ஏதாவது வாங்கியே ஆகணும்னு கை அரிச்சா, ரெண்டே ரெண்டு வாங்குங்க. ஒண்ணு மாஸ்க், ஏன்னா மூஞ்சி ஆளுக்கு ஆள் வேற, ஒழுகுற மாஸ்க் மாதிரி ஒரு நரகம் இல்லை. இன்னொண்ணு கம்ப்யூட்டர். சாதாரண மாடல் 300 வெள்ளிக்கு எனக்குக் கிடைச்சது. நாளைக்கு 30 ரிங்கிட் வாடகைன்னா, வருஷத்துக்கு எட்டு நாள், நாலு வருஷத்துல காசு திரும்பிடும். மொத்த எக்செல் ஷீட்லயும் வாங்கினா லாபம்னு வந்த பெரிய சாமான் இது ஒண்ணுதான். கடைகள்ல முதல்ல காட்டறது என்னவோ பளபளன்னு இருக்கிற பி.சி.டி.யைத்தான். அதெல்லாம் வாடகைக்கே இருக்கட்டும்.

வாடகைக்கு எடுக்கிற செட்டை கரையிலேயே அஞ்சு நிமிஷம் பாருங்க. பி.சி.டி.யை முழுசா ஊதி ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, தொய்யுதான்னு அமுக்கிப் பாருங்க. ஊதற பட்டன் அமுக்கினா திரும்பி வரணும், ஒட்டிக்கக் கூடாது. ரெகுலேட்டர்ல நாலஞ்சு மூச்சு இழுங்க, கண்ணு பிரஷர் மீட்டர் மேல இருக்கட்டும். முள் ஆடினா வால்வு முழுசாத் திறக்கலை, இல்லைன்னா ஃபில்டர் அடைச்சிருக்கு. முதல் கட்டத்தோட வாயில இருக்கிற ஃபில்டர் பச்சை பூத்திருந்தா உள்ளே உப்புத்தண்ணி போயிருக்கு, வேற கேளுங்க. காத்துல எண்ணெய் வாசனை வந்தா அந்த சிலிண்டரே வேண்டாம். கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணீங்கன்னு கேளுங்க. நல்ல கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார், நோட்டை எடுத்துக் காட்டுவார். கோவிச்சுக்கிட்டா அதுவே பதில்.

விருந்துல அந்த நண்பர்கிட்ட இவ்வளவும் சொல்லலை. பிறந்தநாள் கேக் வெட்டிட்டு இருந்தாங்க. அவர் நம்பரை மட்டும் வாங்கிட்டு வந்தேன். அடுத்த மாசம் தியோமான் போறாராம். என் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு அலமாரியில இருக்கு, பேட்டரி மாத்திக் கொடுத்துடலாம்னு இருக்கேன். வாடகை கிடையாது. :-)

உங்கள்ல டைவ் பண்றவங்க யாராவது இருந்தா, உங்க பக்கத்துல செட்டுக்கு என்ன வாடகை, கம்ப்யூட்டர் அதுல உள்ளயா வெளியயான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

பி.கு.: மதுரைக்காரர் மறுபடி டைவ் பண்ண ஆரம்பிச்சுட்டார். இந்தப் பதிவை அவர்கிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் போடறேன். "நத்தை படத்தையும் போடுங்க பாஸ், அதுக்குத்தான் அதிக காசு கொடுத்திருக்கேன்"ன்னார். போட மனசு வரலை.